‘இளைச்சுட்டியே கண்ணு’ என்று நானும்தான் சொன்னேன்

டாக்டரம்மாவிடம் கேளுங்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் கொள்ளு பற்றி எழுதியிருந்தேன். கொள்ளு ரசம் சளிக்கு இதம், கொள்ளுப் பருப்பில் புரதம் உண்டு என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் ‘உடம்பு குறையும் என்றும் சொல்வார்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. எத்தனை டம்ளர், எந்த நேரம், எத்தனை நாளில் எத்தனை கிலோ. அந்தக் கட்டுக்கு நடுவில் வேறு மாதிரி இரண்டு கடிதங்கள் கிடந்தன. இந்த மாதப் பக்கத்தில் பெரும்பகுதி அவற்றுக்குத்தான்.

இன்னொன்று. கடிதங்களில் இருந்த எடைக் கணக்கையெல்லாம் நான் அடித்துவிட்டேன். இதைப் படிக்கிற ஏதோ ஒரு பெண் அந்த எண்ணைத் தன் எண்ணோடு வைத்துப் பார்ப்பாள்.

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம்ங்க. நாங்கள் பெருந்துறைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மகளுக்கு 19 வயசு. கோவையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அரிசியும் பருப்பும் செய்தால் நெய் விட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளை. இப்போது லீவுக்கு வந்தால் ஒரு தோசையைப் பிய்த்துப் பிய்த்து அரை மணி நேரம் தட்டிலேயே நகர்த்துகிறாள். கேட்டால் ‘வர்றப்பவே சாப்பிட்டுட்டேன்மா’ என்கிறாள். ஆனால் எங்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள். செல்லில் பார்ப்பதெல்லாம் சமையல் வீடியோ. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். விடிவதற்கு முன்பே எழுந்து களத்தில் ஒரு மணி நேரம் ஸ்கிப்பிங். ஐந்து மாதமாக வீட்டுக்குத் தூரமாகவில்லை. ஒறம்பரை எல்லாரும் ‘சினிமாக்காரி மாதிரி ஆயிட்டா’ என்று மெச்சுகிறார்கள். ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தோம், நார்மல் என்றார்கள். வீட்டுக்காரர் ‘கொழுப்பு, ரெண்டு அறை விட்டாத் திம்பா’ என்கிறார். நங்கை ‘காத்துக் கருப்பு, கோயிலுக்குக் கூட்டிப் போ’ என்கிறார். இரண்டு ஜாதகம் வேறு வந்திருக்கிறது. இது பிடிவாதமா, நோயா?
— பெயர் வேண்டாம், பெருந்துறை

பதில்: நோய்ங்க அம்மிணி. மீதியைச் சொல்லுமுன் என் கதை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

2009-ல் கோபியில் என் கிளினிக்குக்கு ஒரு பிளஸ் டூ பெண் வந்தாள். பிறந்ததிலிருந்து என்னிடம் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை. கன்னம் உப்பி, கைகால் உருண்டையாக இருந்தவள் அன்றைக்கு ஒட்டிய கன்னத்தோடு வந்து நின்றாள். தலைசுற்றல் என்றாள். நான் கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தது. கேட்டது இதுதான்: ‘அட, நல்லா இளைச்சுட்டியே கண்ணு, எப்படி?’ அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நாடி பார்த்தேனா என்று கூட நினைவில்லை. மூன்று மாதம் கழித்துக் குளியலறையில் மயங்கி விழுந்தாள். கோவையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். அப்புறம் அவள் அம்மா சொன்னார்: ‘சாப்புடுன்னு சொல்றப்பெல்லாம், டாக்டரம்மாவே நல்லா இருக்கேன்னு சொல்லிட்டாங்க, உனக்கென்னன்னு கேட்டாளுங்க.’

என் வாயால் கொடுத்த சர்டிஃபிகேட். இப்போது அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது, நன்றாக இருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, எதுவும் பேசாமல், நாடி பார்க்கக் கையை நீட்டுவாள். வேண்டுமென்றே செய்கிறாள்.

இந்த நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர். அனோரெக்சியா என்றால் பசியின்மை. நான் படித்த காலத்தில் பாடத்தில் இதற்கு அரைப் பக்கம் இருந்திருக்கும். வெள்ளைக்காரப் பெண்களுக்கு வருவது என்று மனதில் பதிந்துபோனது. அந்தப் பெயரும் தப்பு. உங்கள் மகளுக்குப் பசி இருக்கிறது. ராத்திரி பகலாக இருக்கிறது. அதனால்தான் சமையல் வீடியோ, அதனால்தான் உங்களுக்கு விதவிதமாகச் சமைப்பது.

இதை ஒரு பழைய ஆராய்ச்சியை வைத்துச் சொன்னால் உங்கள் வீட்டுக்காரருக்கும் விளங்கும். 1944-ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். எல்லாரும் ஆண்கள், திடகாத்திரமானவர்கள், மனசிலும் கோளாறு இல்லை என்று சோதித்து எடுத்தவர்கள். போரில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்குப் பதிலாக இதற்கு ஒப்புக்கொண்டவர்கள். போரால் பட்டினி கிடக்கிற ஜனங்களை எப்படி மீட்டெடுப்பது என்று கண்டுபிடிக்க, அவர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு போட்டார்கள். என்ன நடந்தது? நாள் பூராவும் சாப்பாட்டைப் பற்றியே பேச்சு. சமையல் புத்தகம் வாங்கிச் சேர்த்தார்கள். தட்டில் இருப்பதைக் கலக்கிக் கலக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். எந்நேரமும் குளிர் என்றார்கள். சிநேகிதர்களை விட்டு ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். அவர்களில் ஒருவரும் அழகுக்காக இளைக்கவில்லை. பட்டினி மனசை இப்படித்தான் பண்ணும், யாராக இருந்தாலும். உங்கள் கடிதத்தையும் அந்த ஆராய்ச்சியையும் பக்கத்தில் வைத்தால் பாதி வரிகள் ஒன்றாக இருக்கின்றன.

ரத்தம் நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். பெருந்துறைக்காரர், உங்களுக்கு கீழ்பவானி வாய்க்கால் தெரியும். அணையில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள், கடைமடை முதலில் காயும். உடம்பும் அப்படித்தான். வருவது குறைந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் போக மிச்சத்தை நிறுத்தும். மாதவிலக்கு நிற்கும். கைகால் சில்லிடும். தலைமுடி கொட்டும், முதுகிலும் கையிலும் பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம் வரும். எலும்பு தேயும், அதுவும் எலும்பு சேர்த்துவைக்க வேண்டிய வயதில். கடைசியில் நாடித் துடிப்பே மெதுவாகும். மனநோய்களில் உயிரைப் பறிப்பதில் முன்வரிசையில் நிற்பது இது. பயமுறுத்தச் சொல்லவில்லை, ‘கல்யாணமானாச் சரியாயிரும்’ என்று தள்ளிப் போடாமல் இருக்கச் சொல்கிறேன்.

இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றபிறகும் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். இ.சி.ஜி., பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை, இவ்வளவும் வேண்டும். பகலில் நாடி 50-க்குக் கீழே இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தண்ணீர் கூடக் குடிக்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அப்புறம் மனநல மருத்துவர். உங்களுக்குப் பக்கத்தில் பெருந்துறையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கோவையிலும் இருக்கிறது. யாரிடம் ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022-ல் ஆரம்பித்த டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசில்லை, தமிழில் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு இன்றைக்கே கறிக்குழம்பும் ஒப்புட்டும் செய்து திணித்துவிடாதீர்கள். ரொம்ப நாள் காய்ந்த உடம்பில் திடீரென்று சாப்பாடு இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போரில் பட்டினியிலிருந்து மீண்ட கைதிகள் சிலர் வயிறாரச் சாப்பிட்டபிறகு செத்துப்போனார்கள். எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னபிறகு வேலை உங்களுடையது. லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. வளரிளம் பிள்ளைகளுக்காக வந்தது, பெற்றவர்களையே வைத்தியத்தில் இறக்குகிற முறை. உங்கள் மகளுக்கு 19 என்றாலும், அவளும் மருத்துவரும் ஒத்துக்கொண்டால் கைகொடுக்கும். கொஞ்ச நாளைக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை அம்மாவும் அப்பாவும் தீர்மானிக்கிறார்கள். தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுக் கூடவே உட்கார வேண்டும். ‘எனக்காக ஒரு வாய்’ என்ற கெஞ்சலும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம், கலோரிப் பேச்சே வேண்டாம். ‘இது மருந்து மாதிரி, மெதுவாச் சாப்புடு, நான் இங்கதான் இருக்கேன்.’ அவ்வளவுதான் வசனம். கத்துவாள், அழுவாள், தட்டைத் தள்ளுவாள். அது நோய் கத்துவது. சாப்பிட்டபிறகு ஒரு மணி நேரம் அவளோடு இருங்கள். தாயம் ஆடுங்கள், கன்றுக்குட்டிக்குப் பெயர் வையுங்கள், எதையாவது பேசுங்கள். ஸ்கிப்பிங் கயிறும் எடை மெஷினும் வீட்டை விட்டுப் போகட்டும். மருத்துவர் சொன்னால் ஒரு செமஸ்டர் லீவு போட்டாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: கால் ஒடிந்த கன்றை அறைந்து நடக்க வைப்பாரா? நங்கையிடம் சண்டை வேண்டாம். கோயிலுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், விரதம் மட்டும் யாரும் நேர்ந்துகொள்ளாதீர்கள். இந்த நோய்க்கு விரதம் நல்ல ஒளிவிடம். ஜாதகங்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மெச்சுகிற ஒறம்பரையிடம் ‘அவளுக்கு உடம்பு சரியில்லைங்க, வைத்தியம் நடக்குது, அவ உடம்பைப் பத்தி மட்டும் பேசாதீங்க’ என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடிதத்தின் ஓரத்தில் ‘நான் வளர்த்தது சரியில்லையோ’ என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தது சரி.

கேள்வி: கொள்ளுத் தண்ணீர் வெறும் வயிற்றில் எத்தனை டம்ளர் குடிக்க வேண்டும்? ஸ்கூல் ஆண்டு விழா டான்ஸுக்கு 40 நாள்தான் இருக்கிறது. வயது 15.
— ஒரு மாணவி, சத்தியமங்கலம்

பதில்: சுழியம் டம்ளர். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று பெரியவர்கள் சொன்னார்கள்தான். ஆனால் குதிரைக்குக் காலங்காலமாகக் கொள்ளுதான் போடுகிறோம், கொள்ளைத் தின்று இளைத்த குதிரையை நான் பார்த்ததில்லை. உனக்கு இது வளர்கிற வயது. சாப்பிட்டுவிட்டு ஆடு, மூச்சு வாங்காது. நாள் பூராவும் உடம்பைப் பற்றிய நினைப்பே ஓடினால் அம்மாவிடமோ பிடித்த டீச்சரிடமோ சொல். போன மாத வரி என் தப்பு.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 25. பகலில் ஓர் ஆப்பிளோடு ஓட்டிவிடுவேன். ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கியபிறகு முறுக்கு டின், பிரெட், மீந்த சோறு என்று எது கையில் கிடைத்தாலும் நின்றுகொண்டே சாப்பிடுவேன். நிறுத்தவே முடியாது. அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பேன். நாலு வருஷமாக இப்படித்தான். என்னைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, உடம்பு எல்லாரையும் போலத்தான் இருக்கிறது. பல் டாக்டர் மட்டும் ‘புளிப்பு ரொம்பச் சாப்பிடுவீங்களா?’ என்று கேட்டார். தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவைக்கு ஜாக்கெட் சின்ன அளவாகக் கொடுத்துவிட்டேன், அதற்குள் நுழைந்தாக வேண்டும். கல்யாணமானால் இது தானாக நின்றுவிடுமா? என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.
— ஊர், பெயர் போட வேண்டாம் என்று எழுதியவர் (ஊரை மட்டும் விட்டுவைத்தேன், கேள்விக்குத் தேவைப்படுகிறது. திருப்பூர் பெரிய ஊர், பயப்படாதே கண்ணு.)

பதில்: தானாக நிற்காது. வைத்தியத்தில் நிற்கும். பெரும்பாலும் நன்றாகவே நிற்கும்.

இதன் பெயர் புலிமியா. 1979-ல் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற லண்டன் மனநல மருத்துவர்தான் இதைத் தனி நோயாக எழுதினார். வாந்தி எடுக்க விரலை விட்டு விட்டு, பல் பட்டு, விரல் முட்டியில் தழும்பு விழுந்திருப்பதைக் கவனித்தவரும் அவர்தான். அதற்கு இன்றும் அவர் பெயரே. இந்த நோய் உள்ளவர்கள் பலர் உன்னைப் போல எடையில் ‘எல்லாரையும் போல’ இருப்பார்கள். அதனாலேயே வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அரண்மனையில் இருந்த டயானாவே தனக்கு இது இருந்ததை 1995-ல்தான் தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னார்.

நீ உன் ராத்திரியைத் திட்டுகிறாய். நான் உன் பகலைத்தான் குற்றம் சொல்வேன். பகல் பூராவும் ஓர் ஆப்பிளோடு இருக்கிற உடம்பு, காவல் தூங்கியதும் கதவை உடைக்கத்தான் செய்யும். மனவுறுதி இல்லாததால் வருவது இல்லை இது. வாந்தி எடுத்த குற்ற உணர்ச்சியில் மறுநாள் இன்னும் பட்டினி, மறுநாள் ராத்திரி இன்னும் பசி. செக்குமாடு மாதிரி ஒரே சுற்று. இதை வெட்ட வேண்டிய இடம் காலைச் சாப்பாடு. காலையில் இட்லி, பதினொன்றுக்கு கம்பெனி டீ இடைவேளையில் ஒரு கடலை உருண்டை, மதியம் சோறு, சாயங்காலம் ஏதாவது, ராத்திரி சாப்பாடு. மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப் போடாதே. முதல் வாரம் பயமாக இருக்கும். ராத்திரி தவறினாலும் மறுநாள் காலை இட்லியை மட்டும் விட்டுவிடாதே.

வாந்தியோடு பொட்டாசியமும் போகிறது. அது குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், அதனால் உடனே ரத்தத்தில் அதைப் பார்க்க வேண்டும். படபடப்பு, கைகால் இழுப்பு, வாந்தியில் ரத்தம், மயக்கம், இதில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரி. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதே, அமிலத்தில் ஊறிய எனாமலைப் பிரஷ் இன்னும் தேய்த்துவிடும். வெறும் தண்ணீரால் கொப்பளி. பல் டாக்டரிடம் உண்மையைச் சொல். அவர் பாதி ஊகித்துத்தான் கேட்டிருப்பார்.

இதற்கென்றே பேச்சு வழி வைத்தியம் இருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள், சி.பி.டி. என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். சுமார் 20 தடவை போக வேண்டியிருக்கும். மருந்தும் உண்டு, அது தேவையா என்பதை மனநல மருத்துவர் சொல்லட்டும். மாப்பிள்ளையிடம் சொல்வதா என்பது உன் முடிவு. ஆனால் அக்காவோ தோழியோ, ஒரே ஓர் ஆளிடமாவது இந்த வாரம் சொல்லிவிடு. நாலு வருஷமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாய்.

அப்புறம் அந்த ஜாக்கெட். நீ தினமும் அளவுச் சார்ட்டோடு மாரடிக்கிறவள். துணி வாங்குகிற ஒரு கம்பெனியுடைய எம் அளவு, இன்னொரு கம்பெனியுடைய எஸ் என்பது நான் எழுதுவதற்கு முன்பே உனக்குத் தெரியும். சாம்பிளில் மார்பளவு தவறினால் சட்டையைத்தானே திருத்தச் சொல்வாய், போடுகிற ஆளையா திருத்துவாய்? டெய்லருக்கு இன்றைக்கே போன் போட்டு, இப்போதைய அளவை எடுத்து, உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்.

கேள்வி: எங்கள் ஆத்தா காலத்தில் கம்மஞ்சோறும் மோரும் குடித்துவிட்டுக் காட்டில் வேலை பார்த்தார்கள். இந்தச் சாப்பாட்டு வியாதியெல்லாம் அப்போது இல்லை. டி.வி.யும் செல்போனும் பணக்காரப் பிள்ளைகளும் சேர்ந்து இறக்குமதி செய்தது. சரிதானே?
— ஒரு விவசாயி, காங்கேயம்

பதில்: பாதி சரிங்க.

முதலில் உங்கள் பக்கம். பசிபிக் கடலில் ஃபிஜி என்று தீவு நாடு. அங்கே பெண் என்றால் நன்றாகத் தின்று திடமாக இருக்க வேண்டும், இளைத்தால் ‘இவளைக் கவனிக்க ஆளில்லையா’ என்று ஊர் கவலைப்படும். 1995-ல் ஒரு வட்டாரத்துக்கு முதல்முதலாகத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் அப்போதே அங்கே பள்ளி மாணவிகளிடம் கேட்டார். எடை குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருத்தி கூடச் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1998-ல், அதே வயது மாணவிகளிடம் கேட்டபோது நூற்றுக்கு 11 பேர் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான், ஒவ்வொரு தடவையும் அறுபத்துச் சொச்சம் பிள்ளைகள். ஆனாலும் எனக்குத் தூக்கம் கெட்டது.

இனி மறு பாதி. லண்டனில் வில்லியம் கல்லும் பாரிசில் லாசேக்கும் சாப்பிட மறுக்கும் இளம்பெண்களின் இந்த நோயை விவரித்தது 1873-ல். அப்போது டி.வி.யும் இல்லை, சினிமாவும் இல்லை. ரத்தவழியிலும் இது வருகிறது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ‘பணக்காரப் பிள்ளைகள்’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னிடம் வந்தவர்களில் தறி ஓட்டுகிறவர் மகளும் உண்டு, ஜிம்மே கதியாகக் கிடந்து வெறும் முட்டை வெள்ளையில் உயிர் வாழ்ந்த ஒரு பையனும் உண்டு.

நம் ஊர் ரசனை மாறியதைச் சொன்னீர்களானால் அது நிஜம். ‘பூசினாப்ல இருக்கா’ என்பது என் ஆத்தா வாயில் பாராட்டு. என் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போய்விட்டு வந்து, ‘காத்தடிச்சாப் பறந்துருவா’ என்று ஒரு சம்பந்தத்தையே தட்டிக்கழித்தார். திருக்குறளில் 124-ஆம் அதிகாரம் ‘உறுப்புநலன் அழிதல்’. தோள் மெலிந்து வளை கழல்கிறதே, அழகு போயிற்றே என்கிற புலம்பல் அது. மெலிவு துக்கத்தின் அடையாளமாக இருந்த ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஆனால் அந்தக் காலத்தைச் சொர்க்கமாக்காதீர்கள். அதே ஆத்தா, கருப்பாகப் பிறந்த என்னைக் கடலைமாவு போட்டுத் தேய்த்த தேய்ப்பு இன்னும் முதுகில் எரிகிறது. ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது, 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. எங்கள் வீட்டுக் கடலைமாவு அதற்கும் முந்தியது.

கேள்வி: பையன் பெங்களூரில் சாஃப்ட்வேர். நாலு வருஷமாகத் தேடி இப்போதுதான் ஒரு பெண் அமைந்திருக்கிறது. படிப்பு, நிறம், பொருத்தம் எல்லாம் திருப்தி. பெண் கொஞ்சம் தண்டி. பையன் பி.எம்.ஐ. கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறான். நிச்சயத்துக்கு முன்னால் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமா? பக்குவமாக எப்படிச் சொல்வது?
— ஓர் அம்மா, கோபி

பதில்: அதைச் சொல்ல ஒரு பக்குவமும் கிடையாதுங்க. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கை, 19-ஆம் நூற்றாண்டில் போட்டவர் கெட்லே என்ற பெல்ஜியக் கணித அறிஞர். ஜனத்தொகையின் சராசரியைப் பார்க்கப் போட்டது. அதற்கு இந்தப் பெயரை 1972-ல் வைத்தவர், மேலே சொன்னேனே, 36 பேரைப் பட்டினி போட்ட அதே ஆன்செல் கீஸ். மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறோம், இன்னும் நாலைந்து விஷயத்தோடு சேர்த்து. சம்பந்தம் பேச அது உதவாது.

பெண் கிடைக்காமல் கொங்கு நாட்டிலிருந்து பாலக்காடு வரை தேடிப் போகிறோம். பெண் பிள்ளையே வேண்டாம் என்று ஒதுக்கிய தலைமுறை நம்முடையதுதான். அப்படியும் தராசைக் கீழே வைக்க மனசு வரவில்லை பாருங்கள். பெண்ணின் அளவை எழுதியிருக்கிறீர்கள். பையனின் இடுப்பளவைக் கடிதத்தில் இரண்டு தடவை தேடினேன், இல்லை.

பிடித்திருந்தால் நிச்சயம் பண்ணுங்கள். இல்லையென்றால் அந்தப் பெண்ணின் காதுக்கு எட்டாமல் விலகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் வயிற்றுப் பேத்திக்கு 13 வயசு. ‘குண்டுப் பூசணி’ என்றுதான் சின்னதிலிருந்து கொஞ்சுவேன். இந்தத் தடவை லீவுக்கு வந்தவளை அப்படிக் கூப்பிட்டதற்கு அழுதுகொண்டே ரூமைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்முச்சி கொஞ்சுவது ஒரு தப்பாங்க?
— தாராபுரத்திலிருந்து ஒரு பாட்டி

பதில்: கொஞ்சுவது தப்பில்லைங்கம்மா, வார்த்தைதான் பழசாகிவிட்டது. மூன்று வயதில் பூசணி என்றால் சிரிப்பாள். பதின்மூன்றில் உடம்பு சதை போடும். போட வேண்டும், வளர்ச்சியில் அதுவும் ஒரு பகுதி. அந்த நேரத்தில் பள்ளியில் வேறு யாராவது இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள், உங்கள் மாதிரிக் கொஞ்சலாக இல்லாமல். இங்கேயாவது அது இருக்காது என்று நம்பி வந்திருப்பாள்.

கதவைத் தட்டி, ‘அப்படிக் கூப்புட்டது தப்பு சாமி, இனிமே கூப்புட மாட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள். ‘ஆனா நீ...’ என்று இழுக்க வேண்டாம். சாப்பிடு சாப்பிடு என்று பின்னாலேயே போகவும் வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று நாள் இதே மாதிரி ஒதுக்கினால் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

நாளைக் காலையில் சந்தகைக்கு மாவு ஆட்டி வையுங்கள். உங்கள் தோள்வலிக்குச் சந்தகை மரத்தைத் தனியாக அமுக்க முடியாதென்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்களே, அவளைக் கூப்பிடுங்கள்.